கொட்டகையில் ஒரு வேனும் ஒரு படகும்

ஜனவரி 9

தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கை வலி குளிரோடு வந்தது, குளிரோடு போய்விடும் என்று மாத்திரை சொல்கிறார். மருந்துக்கடைக்காரருக்கு நீ வைத்த பெயர் இப்போது அவர் வீட்டிலேயே புழங்குகிறது, தெரியுமா? உன் உடம்பு எப்படி? கல் உடைக்கிற இடத்தில் மூக்குக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை அங்கேயும் வீரம்தானா?

நீ மலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. போன் எடுக்காத இடமாகத் தேடிப் பிடித்து ஜெனரேட்டர் ஓட்டப் போன ஆள் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். செப்டம்பரில் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அத்தான் கணக்குப் போட்டு நாம் எல்லாரும் சேர்ந்து கட்டிய படகு, இறக்கிய பத்தாவது நிமிஷத்தில் முழுகியது, நீ அத்தானைப் பார்த்துக் கத்தியது, அவர் ஈரத் துணியோடு வீட்டுக்கு நடந்தது எல்லாம் முடிந்த கதை.

இப்போது புதுச் செய்தி. ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடந்த படகை டெய்லரும் மாத்திரையும் இன்னும் நாலு பேரும் மணல் லாரியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொட்டகையில் ஏற்கனவே நம் பழைய ரொட்டி வேன் எஞ்சினைக் கழற்றிப் போட்டபடி நிற்கிறது. இருப்பது ஒரே ஜாக்கி. வேனைத் தூக்கினால் படகு தரையில், படகைத் தூக்கினால் வேன் தரையில். “புருஷன் பொண்டாட்டி மாதிரி, ரெண்டுல ஒண்ணுதான் நிமிர்ந்து நிக்க முடியும்” என்றார் டெய்லர். அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அத்தான் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பலகை இடுக்கில் உள்ள பழைய பசையை முழுக்கச் சுரண்ட வேண்டுமா, மேலே பூசினால் போதுமா? உன் பெயரைச் சொல்லவில்லை. “மலைக்குப் போனவன்கிட்ட கேளு” என்றார். அதுவே பெரிய முன்னேற்றம்தானே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜனவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் நசுங்கி, திங்கள்கிழமை லாரியில் வந்து சேர்ந்தது. நான் சுகம். மூக்குக்குத் துணி கட்டுகிறேன். கண்ணாடியில் பார்த்தால் பேங்க்கில் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறது. முழங்கையை ரொம்ப ஆட்டாதே. ஊர்க்காரர்களுக்கு நீ செய்து தருகிற பொய்ப்பல் எல்லாம் உன் ஒரு முழங்கையை நம்பித்தான் இருக்கிறது.

இங்கே எனக்கு மூன்று ஜெனரேட்டர். மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி. மூத்தவள் இருமுவாள், ஆனால் நிற்க மாட்டாள். கடைக்குட்டி பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. நடுவுள்ளவள்தான் குடும்பத்தைத் தாங்குகிறாள்.

பசையை ஒரு துளி விடாமல் சுரண்ட வேண்டும். பழையதன் மேல் புதியது ஒட்டாது. மேலே பூசினால் போதுமா என்று கேட்க ஒரு கணக்கு வாத்தியாரால்தான் முடியும் என்று அவரிடம் சொல். இல்லை, சொல்லாதே. சுரண்டச் சொன்னான் என்று மட்டும் சொல்.

லீவு கேட்டிருக்கிறேன். மேனேஜர் பார்க்கலாம் என்கிறார்.

அத்தானுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா? முன்பெல்லாம் படுத்த உடனே குறட்டை விடுவாரே, அதற்காகக் கேட்டேன்.

தம்பி

*

பிப்ரவரி 2

தம்பிக்கு,

எல்லாரும் நலம். டெய்லருக்கு மட்டும் கட்டை விரலில் ஊசி ஏறிவிட்டது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தளபதி மாதிரி சுற்றுகிறார்.

பசை சுரண்டி முடிந்தது. ஒரு வாரம் ஆனது. பல்லில் கறை சுரண்டுகிற கொக்கிகள் இரண்டை என் பல் பட்டறையிலிருந்து கொண்டுபோனோம். உங்கள் உளியைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது பிசின் பூசுகிற வேலை. என் பட்டறையில் பொடியும் திரவமும் கரண்டி அளவில் கலப்பேன், பதம் கைக்குத் தெரியும். இங்கே ஒரே மூச்சில் வேலை முடியட்டும் என்று வாளி நிறையக் கலந்தாயிற்று. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வாளி சூடாகிப் புகைய ஆரம்பித்தது. மாத்திரை “எல்லாரும் வெளியே வாங்க!” என்று கத்திக்கொண்டே முதல் ஆளாக ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் வாளி, பிரஷ், டெய்லரின் நல்ல கத்தரிக்கோல் எல்லாம் சேர்ந்து ஒரே கல். கத்தரிக்கோலின் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. டெய்லர் அதைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

வேன் பக்கமும் இதே கதைதான். எஞ்சினை ஏற்றி கிளட்ச் மாட்டினார்கள். ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் மிதித்தாலும் கிளட்ச் விடுவதே இல்லை, கியர் விழமாட்டேன் என்கிறது.

ஆக, அத்தான் கேட்கச் சொன்னது மூன்று. பிசினை எப்படிக் கலப்பது? கிளட்சுக்கு என்ன கோளாறு? மூன்றாவது, படகின் பின்பக்கத்து அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. விரல் மொத்தம், உள்ளே திருகு மரை போட்டது. சேற்றைக் கழுவியபோது தெரிந்தது. அதில் திருகி மூடுகிற தக்கையைக் காணோம். மரை ஒன்றுகூடச் சிதையவில்லை. உடைந்து விழுந்திருந்தால் சிதைந்திருக்கும் அல்லவா? அளவு சொன்னால் புதிதாகக் கடைந்து வாங்கலாம்.

சளி பிடித்தால் உடனே கவனி.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். கத்தரிக்கோல் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சமையல்காரர் சிரித்ததில் குழம்பு அடிபிடித்தது.

பிசினை வாளியில் கலக்கவே கூடாது. குவிந்து இருந்தால் தன் சூட்டில் தானே கெட்டியாகும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு கை அளவு எடுத்துப் பூச வேண்டும். கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. மேடான பக்கம் எஞ்சினைப் பார்க்கக் கூடாது. மறுபடி கழற்ற வேண்டியதுதான். அழ வேண்டாம் என்று சொல், நானும் ஒரு தடவை அப்படிப் போட்டிருக்கிறேன்.

இங்கே காற்று அதிகம். நேற்று எங்கள் கூரைத் தகடு ஒன்று பறந்துபோய்க் கல் உடைக்கிற இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. லீவு விஷயம் இன்னும் தெரியவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? கடிதம் ரொம்பச் சுருக்கமாக இருந்தது.

நீ சொன்னது சரி, பிளேட் தலைகீழாகத்தான் இருந்தது. மாற்றிப் போட்டதும் கியர் விழுந்தது. வேன் ஏழு வருஷத்துக்குப் பிறகு சொந்தக் காலில் நகர்ந்தது. சரியாக நாலு அடி. அதற்குள் டெய்லர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. பிரேக்கை நாங்கள் இன்னும் மாட்டவில்லை என்பது மாத்திரைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தொட்டியில் இருந்த தண்ணீரில் பாதி வேனுக்குள், மீதி மாத்திரை மேல்.

பிசினும் உன் சொல்படி தட்டில் கலந்து பூசியாயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பலகை எது, இடுக்கு எது என்று தெரியாத அளவுக்கு வழவழவென்று ஆகிவிட்டது. பல் ஈறு மாதிரி.

டெய்லர் படகுக்கு ஒரு மூடாக்குத் தைத்தார். தடித்த துணி, இரட்டைத் தையல், ஓரமெல்லாம் வளையம். போட்டுப் பார்த்தால் எஞ்சினுக்காக வெட்டிய வாய் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. படகு கவிழ்ந்து கிடந்தபோது அளவு எடுத்திருக்கிறார். “நான் சரியாத்தான் தச்சேன், படகுதான் திரும்பிப் படுத்திருக்கு” என்கிறார். மறுபடி பிரிக்கிறார்.

மூன்று கேள்வி அனுப்பினேன், இரண்டுக்குத்தான் பதில் வந்தது. மூன்றாவது கேள்வி லாரியிலிருந்து விழுந்துவிட்டதோ என்னவோ. தக்கையின் அளவு என்ன?

அவசரம் இல்லை. யோசித்து எழுது.

அக்கா

*

மார்ச் 17

அன்பான தம்பிக்கு டெய்லர் எழுதிக்கொள்வது. நான், வீட்டுக்காரி, மெஷின் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை என்று உன் அக்கா முகம் வாடியிருக்கிறது. கேட்டால் “பிசின் வாசனை தலைவலி” என்கிறது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ரசீது எழுதித்தான் பழக்கம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் அக்காவைப் போல ஒரு வேலைக்காரியை நான் பார்த்ததில்லை. படகு வேலை முழுக்க அவள் கைதான். சுரண்டினது, பூசினது, தேய்த்தது எல்லாம். நாங்கள் தூக்கு என்றால் தூக்குவோம், பிடி என்றால் பிடிப்போம். வாளியைக் கல்லாக்கினதும் அவள்தான், அதைப் பெரிய மனது பண்ணி எழுதாமல் விட்டிருப்பாள்.

வாத்தியார் வேனோடு சரி. படகுப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். படகை எடுத்துவந்த அன்றைக்கே “விறகுக்குப் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டார். நான் ஒரு தடவை “இந்த வளைவுக்கு அளவு சொல்லுங்க வாத்தியாரே” என்று கேட்டேன். “என் அளவை நம்பி இன்னொரு தடவை ஏன்யா ஏமாறணும்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த மனுஷன் ஸ்பானரைத் தவிர எதையும் தொடவில்லை. பள்ளிக்கூடத்திலும் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு மூன்று தடவை சரிபார்க்கிறாராம். பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நீ ஒரு வரி எழுதினால் உன் அக்கா சந்தோஷப்படும். கத்தரிக்கோல் புதிது வாங்கிவிட்டேன், அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

டெய்லர்

*

மார்ச் 29

அக்கா, உள்ளே மடித்திருப்பது அத்தானுக்கு. அவர் படித்த பிறகு நீ படி. கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. அதையும் அவர் கையில் கொடு.

அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பொட்டலத்தில் இருப்பது படகின் அடித் தக்கை. படகை இறக்குவதற்கு முந்தின நாள் மழை பெய்தது. உள்ளே தேங்கிய தண்ணீரை வடிக்க அதைக் கழற்றியது நான். கழற்றிச் சட்டைப் பையில் போட்டதும் நான். மறுநாள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். படகு முழுக ஆரம்பித்ததும் “உங்க கணக்குதான் இத முழுகடிச்சது வாத்தியாரே!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தியதும் நானேதான். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். அதை மட்டுமாவது நம்புங்கள்.

அன்று சாயங்காலம் அழுக்குச் சட்டையை வாளியில் போட்டேன். டங் என்று ஒரு சத்தம். கையை விட்டு எடுத்துப் பார்த்தேன்.

அத்தான், அப்போதே ஓடிவந்திருக்க வேண்டும். செருப்புகூட மாட்டிவிட்டேன். வாசலைத் தாண்டவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரத்தில் சொல்லவே முடியாது என்று ஆகிவிட்டது. இரண்டாவது வாரம் இந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். லீவு கேட்டிருக்கிறேன் என்று அக்காவுக்கு எழுதியதெல்லாம் பொய். நான் கேட்கவே இல்லை.

நீங்கள் என்மேல் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்தேன். அது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகக்கூட இருந்தது. உங்கள்மேலேயே உங்களுக்கு நம்பிக்கை போயிருக்கும் என்று தோன்றவே இல்லை. டெய்லர் எழுதித்தான் தெரிந்தது.

நீங்கள் கரும்பலகையில் கணக்கை மூன்று தடவை பார்க்கிறீர்களாம். வேண்டாம் அத்தான். ஒரு தடவை போதும்.

உங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 10

தம்பிக்கு,

நான் நலம். அத்தானைப் பற்றித்தான் உனக்குக் கவலை இருக்கும். முழுக்க எழுதுகிறேன்.

கடிதம் வந்தபோது அவர் வேனுக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே வைத்துப் படித்தார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தக்கையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“உனக்குத் தெரியுமா?” என்றார்.

“சந்தேகம் இருந்துச்சு.”

“எப்பலேர்ந்து?”

“ஓட்டையைப் பார்த்ததுலேர்ந்து. ஜனவரி கடைசி.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“அவன் வாயால வரணும்னு நெனச்சேன்.”

“அது வர்ற வரைக்கும் நான் முட்டாளாவே இருக்கணுமா?” என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்துபோய்விட்டார்.

தம்பி, அவர் கேட்டது நியாயம்தான். உனக்கு அவகாசம் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அது அவருடைய நாட்களை எடுத்து உனக்குக் கொடுத்த கணக்கு என்று எனக்கு அப்போது படவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “உப்பு எங்கே” என்றுகூடக் கேட்கவில்லை, உப்பில்லாமலே சாப்பிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை.

மூன்றாம் நாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது படகுக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கால். தக்கையை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, “ரெண்டரை சுத்துல இறுகுது” என்று தரையோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, நான் பூசிய இடுக்கையெல்லாம் விரலால் தடவிப் பார்த்து, “இடது பக்கம் மூணாவது பலகை சரியில்ல” என்றார். அதைவிட நல்ல வேலை இந்த ஊரிலேயே கிடையாது என்றேன். அளவுகோலை எடுத்துவந்தார். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ஏழு மாதத்துக்குப் பிறகு இந்த மனுஷனோடு ஒரு முழுச் சண்டை! எவ்வளவு நன்றாக இருந்தது, தெரியுமா?

மூன்றாவது பலகையை நான் மறுபடி பூசுகிறேன். அவர் சொன்னது சரிதான், அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். அத்தான் கேட்கச் சொன்னார் என்று நான் எழுதியதெல்லாம் நான் கேட்டது. பிசின் வாளியும் நான்தான்.

நன்றாகத் தூங்கு.

அக்கா

*

ஏப்ரல் 21

மாப்பிள்ளைக்கு,

நலமே. உன் நலமும் அப்படியே என்று உன் அக்கா மூலம் அறிந்தேன்.

எனக்குக் கோபம் இருந்தது. இரண்டு நாள் முழுதாகவும், அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாரமும். அதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் எதையும் எழுதாமல் விட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டோம்.

இனி கணக்கு. ஓட்டையின் குறுக்களவை அளந்தேன். படகின் கொள்ளளவு என்னிடம் ஏற்கனவே இருக்கிறது. நாம் ஐந்து பேர் ஏறிய எடையையும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஓட்டை வழியாக மட்டும் தண்ணீர் ஏறியிருந்தால் படகு முழுகப் பதினெட்டு நிமிஷம் ஆகியிருக்க வேண்டும். முழுகியது பத்து நிமிஷத்தில். டெய்லர் கைக்கடிகாரம் சாட்சி. அப்படியானால் மீதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நான் இணைத்த பலகை இடுக்குகள் வழியாகத்தான். ஆகவே தக்கை இருந்திருந்தாலும் அந்தப் படகு முழுகியிருக்கும். கொஞ்சம் மரியாதையாக, மெதுவாக முழுகியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஒரே தடவைதான் போட்டேன். சரிபார்க்கவில்லை.

என்மேல் பழி போட்டதற்கு உன்னை மன்னித்துவிட்டேன். பழியில் என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன், அதை யாரும் எடுத்துப் போக வேண்டாம்.

லீவு இப்போதாவது நிஜமாகவே கேள். நீ வந்த பிறகுதான் படகை இறக்குவது என்று நாலு பேரும் முடிவு செய்திருக்கிறோம். அதுவரை டிரெய்லர் வேலை. வேனுக்கு வாங்கிய இரண்டு சக்கரத்தை டிரெய்லருக்கு மாட்டிவிட்டோம். வேன் இப்போது செங்கல்லின் மேல் நிற்கிறது. அதற்கு வேறு சக்கரம் தேடுகிறோம். மாத்திரை தன் ஸ்கூட்டரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பூட்டுப் போடுகிறார்.

அத்தான்

*

மே 2

அத்தானுக்கும் அக்காவுக்கும்,

சுகம். நேற்றுத்தான் உங்கள் கடிதம் வந்தது. பதினெட்டு நிமிஷக் கணக்கை நாலு தடவை படித்தேன். எனக்குப் புரியவில்லை. அது சரிதானா, இல்லை எனக்காகப் போட்டதா என்று கேட்க மாட்டேன்.

லீவு கேட்டேன். மேனேஜர், “ஏழு மாசமா ஏன் கேக்கலன்னு நானே யோசிச்சுட்டு இருந்தேன்” என்று உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். மே 26-ஆம் தேதி லாரியில் இறங்குகிறேன். அதுவரை தயவுசெய்து யாரும் எதையும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

தம்பி

*

மே 18

மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒன்று: எல்லாரும் பத்திரம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாத்திரைக்கு மட்டும் ஜலதோஷம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வேனுக்குச் சக்கரம் கிடைத்துவிட்டது, பிரேக்கும் மாட்டியாயிற்று. படகை டிரெய்லரில் ஏற்றி வேன் இழுக்கிறதா என்று பார்க்கலாம் என்று கிளம்பினோம். சும்மா ஏரிவரை போய்த் திரும்புவது. இறக்குகிற எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

வேன் அருமையாக இழுத்தது. ஏரிக்கரையில், படகை இறக்கும் சரிவுக்கு எப்படி வளைத்து நிறுத்துவது என்று பழகுவதற்காக ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போட்டேன். இறங்கினேன். உன் அக்கா படகுக்குள் உட்கார்ந்து ஒரு மூலையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற வண்டியிலும் தேய்த்துக்கொண்டுதான் வந்தாள். டெய்லர் மூடாக்கை மடிப்பதற்காகக் கட்டெல்லாம் அவிழ்த்துவிட்டார்.

வேன் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது.

மாத்திரை முன்பக்கத்தைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்தார். ஒரு வேனைத் தன் இரண்டு கையால் நிறுத்தலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. வேன் அவரையும் கூட்டிக்கொண்டு போயிற்று. முதலில் டிரெய்லர் தண்ணீரில் இறங்கியது. படகு தானாக அதிலிருந்து எழும்பி, அலுங்காமல், ஒரு அன்னம் மாதிரி விலகிப் போயிற்று. பிறகு வேன் இறங்கியது. அது எழும்பவில்லை. ஜன்னல்வரை போய்த்தான் நின்றது.

சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். கல் என் காலடியிலேயே இருந்தது. வைக்க மறந்தது நான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, “கல்லு வெக்க மறந்தது நான்தான்! நான்தான்!” என்று கத்திவிட்டேன். கரையில் இருந்த முன்பின் தெரியாத இரண்டு பேர், “சரிங்க, அதுக்கென்ன இப்போ” என்றார்கள்.

உன் அக்கா அதற்குள் ஏரி நடுவுக்குப் போய்விட்டாள். துடுப்பு கரையில். எஞ்சின் கொட்டகையில். பயந்திருப்பாள் என்று எங்கள் எல்லாருக்கும் பதைபதைப்பு. “உள்ள தண்ணி வருதா?” என்று கத்தினேன். அவள் குனிந்து ஒவ்வொரு இடுக்காகத் தடவிப் பார்த்தாள். ஆடி அசைந்து முன்பக்கம் போய்த் தடவினாள், பின்பக்கம் வந்து தடவினாள். பிறகு நிமிர்ந்து இரண்டு கையையும் உயர்த்தி விரித்துக் காட்டினாள். காய்ந்த கை. வெயிலில் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

அப்புறம் உட்கார்ந்து உப்புத்தாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். மீன்பிடிக்கிறவர் ஒருவர் போய் இழுத்துவர ஒரு மணி நேரம் ஆயிற்று. “இன்னும் கொஞ்சம் கழிச்சு வந்திருக்கலாம்” என்பது கரையில் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை.

வேனை டிராக்டர் வைத்து இழுத்து இன்று காலை கொட்டகையில் போட்டோம். கதவைத் திறந்தால் சின்ன மீன் இரண்டு குதித்தது. சாவியைத் திருப்பிப் பார்க்கலாமா என்று மாத்திரை கேட்கிறார். எனக்கும் ஆசைதான். உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். லாரி டிரைவர் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அத்தான்

*

மே 18, மதியம்

அத்தானுக்கு,

டிரைவர் கடிதத்தைக் கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன், நின்றுகொண்டே எழுதுகிறேன். இவர் பத்து நிமிஷத்தில் கீழே இறங்குகிறார். மூத்தவளையும் அவள் தங்கைகளையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் நாளைக் காலைக் கல் லாரியில் வருகிறேன். மேனேஜரிடம் ஓடிப்போய், “வீட்ல ஒரு எஞ்சின் தண்ணில முழுகிடுச்சு சார்” என்றேன். “ஆளுங்களுக்கு?” என்றார். “ஆளுங்க எல்லாம் நல்லா இருக்காங்க, எஞ்சினுக்குத்தான் சார் சீரியஸ்” என்றேன். லீவுச் சீட்டை எடுத்துத் தேதியை அடித்து மாற்றினார்.

சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் எஞ்சினின் தண்டு வளைந்துபோகும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிளக் நாலையும் கழற்றிவிட்டு, கையால் சுற்றித் தண்ணீரை வெளியே விட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள். பழைய எண்ணெயை முழுக்க இறக்குங்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மாத்திரைக்கு ஒன்றும் தோன்ற வேண்டாம்.

அக்கா காய்ந்த கையைக் காட்டிய இடத்தைச் சமையல்காரருக்குப் படித்துக் காட்டினேன். பாதிவரைதான் படித்தேன், மீதியை அவரே வாங்கிப் படித்துக்கொண்டார்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரத் துணியோடு நிற்காதீர்கள். வேன் சாவியை இந்த நிமிஷமே அக்கா கையில் கொடுத்துவிடுங்கள். நான் வந்து கேட்டால்கூட அவள் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் மைத்துனன்